சட்டைக்காரரும் சொல்தாவும்

பாண்டிச்சேரியில் ஒரு ஞானஸ்நான விருந்து. எங்க ஆயாவுடைய அண்ணன் வழிப் பேரனுக்குப் பிறந்த குழந்தைக்கு. திருவதிகை காலனியிலிருந்து நாங்கள் ஆறு பேர் போயிருந்தோம். பண்ருட்டியில் பஸ் ஏறும்போதே எங்க அத்தை ஒரு பலாப்பழத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டது. சொந்தக்காரங்க வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாதாம். பிரான்சிலிருந்து வந்திருந்த பிள்ளைகள் அந்தப் பழத்தைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

சாப்பாட்டு மேசையில் என் எதிரே ஒரு பெரியவர். அந்த வீட்டுக்கு நெடுநாள் பழக்கம். நல்ல மனுஷர், நல்ல தமிழ், அதைவிட நல்ல பிரெஞ்சு. நான் ஏதோ எழுதுகிறவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. நாங்க கிரெயோல். இவங்க ரெனோன்சான். ரெண்டையும் ஒண்ணாப் போட்டு எழுதிடாதீங்க. எங்களுக்கு ரத்தத்துல பிரான்சு. இவங்களுக்குக் காகிதத்துல பிரான்சு. அமெரிக்காவுல லூசியானான்னு ஒரு ஊர் இருக்கு. அங்க கிரெயோல் வேற, கேஜன் வேற. வெளியிலேர்ந்து பாக்கறவனுக்கு ரெண்டும் ஒண்ணாத் தெரியும். அது மாதிரிதான்."

அவர் இதைச் சொல்லும்போது அந்த வீட்டுக்காரம்மா, 'காகிதத்துப் பிரான்சு' குடும்பத்தின் மருமகள், அவர் தட்டில் இரண்டாம் முறை சோறு வைத்துக்கொண்டிருந்தது. அதற்குக் காது கேட்கும். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அவருக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. விருந்து வீட்டில் சண்டை போடக் கூடாது என்று அத்தை கண்ணைக் காட்டிவிட்டது. ஆகவே இங்கே எழுதுகிறேன். அவர் ஒருவருக்கு மட்டும் சொல்கிற பதில் இல்லை இது. நம்ம பக்கத்திலேயும் இரண்டு தரப்புக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அவர் சொன்னதில் உள்ள உண்மையை ஒத்துக்கொள்கிறேன். கிரெயோலும் ரெனோன்சானும் ஒன்று இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1674-இல் பாண்டியில் கால் ஊன்றிய நாளிலிருந்து, அங்கே வந்த சிப்பாய்களும் குமாஸ்தாக்களும் உள்ளூர்ப் பெண்களோடும், அதற்கு முன்பே போர்ச்சுக்கீசியரோடு கலந்திருந்த குடும்பத்துப் பெண்களோடும் வாழ்ந்து பெற்ற வமிசம் கிரெயோல். நம் ஜனங்கள் வாயில் அவர்கள் 'சட்டைக்காரர்'. தொப்பி போட்டதால் 'தொப்பாஸ்' என்றும் பழைய பேர் உண்டு. ரெனோன்சான் என்பது வேறு கதை. அவர்கள் முழுக்க இந்த மண்ணின் ஆட்கள். 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி வந்த ஓர் ஆணையின்படி சாதி வழக்கத்தின் கீழான தங்கள் சட்ட நிலையைத் துறந்து, பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வந்தவர்கள். 'துறந்தவர்' என்பதுதான் அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கு அர்த்தம். துறந்தால் துறந்ததுதான், திரும்ப முடியாது. பெண்டாட்டிக்கும் மைனர் பிள்ளைகளுக்கும் சேர்த்து அது செல்லும். கூடவே ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்து எழுதித் தர வேண்டும். எங்க ஆயாவின் அண்ணன் அப்படித்தான் ஒரு பெயரை எடுத்துக்கொண்டார். அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. அதற்கு 'வயல்' என்பதைப் போல ஓர் அர்த்தம் என்று சொன்னார்கள். ஒரு குழி நிலம் இல்லாத மனுஷனுக்கு நல்ல பேர்தான்.

நெட்டப்பாக்கம் பக்கத்துச் சேரி ஆயாவின் பிறந்த வீடு. அது பிரெஞ்சு எல்லை. வாழ்க்கைப்பட்ட திருவதிகை இங்கிலீஷ்காரன் எல்லை. பாண்டிச்சேரிப் பகுதியும் தென்னார்க்காடும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கிற பூமி. ஒரு வயல் இங்கே, அடுத்த வயல் அங்கே. அந்தப் பக்கம் பிறந்த அண்ணன் பேரை மாற்றிக்கொண்டு, பட்டாளத்தில் சேர்ந்து 'சொல்தா' ஆகி சைகோனுக்குப் போனார். இந்தப் பக்கம் வந்த தங்கச்சி களை எடுத்தது, முந்திரிக்கொட்டை உடைத்தது. பால் பட்டு அதன் விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்து கிடக்கும். இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். ரத்தம் ரத்தம் என்கிறார்களே, அதற்காகச் சொல்கிறேன்.

சரி, ஏன் துறந்தார்கள்? பிரெஞ்சு மோகம் என்று எழுதுகிற வரலாற்றாசிரியர்கள் உண்டு. துறந்தது எதை என்று அவர்கள் கேட்பதில்லை. 1819 ஜனவரி 6-ஆம் தேதி பிரெஞ்சு நிர்வாகம் இங்குள்ள இந்தியர்களுக்கு ஒரு வாக்குறுதி தந்தது. உங்களை உங்கள் சாதி வழக்கப்படியே நடத்துவோம் என்று. பிரான்சில் புரட்சி நடந்து முப்பது வருஷம் ஆகியும், சுதந்திரம் சமத்துவம் எல்லாம் கப்பலில் வரும்போதே கடலில் விழுந்துவிட்டது. சாதி வழக்கம் என்றால் முதலியாருக்கு அது சொத்து, மரியாதை, கோயிலில் முதல் விபூதி. சேரிக்காரனுக்கு அது என்ன? அவன் துறப்பதற்குக் கையில் வைத்திருந்த ஒரே பூர்வீகச் சொத்து தீண்டாமைதான். அதைத்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் துறந்தான்.

இந்தத் துறவு இயக்கத்தை முன்னின்று நடத்தியவர் பொன்னுத்தம்பி பிள்ளை என்கிற வக்கீல். வெள்ளாளக் கிறிஸ்தவர். 1873-இல் ஐரோப்பியப் பூட்சு போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போனார். அபராதம் போட்டார்கள். விடாமல் பாரிசின் மேல் நீதிமன்றம் வரைக்கும் போய் ஜெயித்தார். பிறகு 'லப்போர்த்' என்று பேர் வைத்துக்கொண்டார். வாசல் என்று அர்த்தம். அவர் திறந்த வாசலில் நுழைந்தவர்களில் பெரும்பகுதி நம்ம ஜனம். பிள்ளைவாளுக்குப் பூட்சு நீதிமன்ற வாசலில்தான் பிரச்சினையாயிற்று. ஊர்த்தெருவில் செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தவனுக்கு அந்த வழக்கின் அருமை அவரைவிடக் கூடவே தெரிந்திருக்கும். (அதே 1873-இல்தான் பூனாவில் ஜோதிராவ் புலே 'குலாம்கிரி'யை வெளியிட்டு, அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். லூசியானாவைப் பற்றி நாம் பேசுவது இன்று நேற்று வந்த பழக்கமில்லை.)

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது? இரண்டு பக்கமிருந்தும். சண்முக வேலாயுத முதலியார் என்கிற பெருந்தலை, சாதி வழக்கத்தைக் காப்பாற்றுவேன் என்று கட்சி கட்டி, பல ஆண்டுகள் பாண்டி அரசியலையே கைக்குள் வைத்திருந்தார். 1884-இல் வாக்காளர்களை மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள். ஐரோப்பியரும் அவர்கள் வமிசத்தாரும் ஒன்று, துறந்தவர்கள் இரண்டு, மற்ற இந்தியர்கள் மூன்று. 1899-இல் நடுப்பட்டியலையே எடுத்துவிட்டார்கள். துறந்து பல வருஷம் ஆனவன், பிரெஞ்சு படித்தவன், உத்தியோகம் பார்த்தவன் என்று சில தகுதி உள்ளவனுக்கு மட்டும் முதல் பட்டியலில் இடம். மற்றவனெல்லாம் பழைய இடத்துக்கே போ. திரும்ப முடியாது என்று எழுதி வாங்கியவர்களே திருப்பி அனுப்பினார்கள். நம்ம பெரியவர் சொல்கிற 'ரத்தத்துப் பிரான்சு' அந்த முதல் பட்டியலில் பிறப்பாலேயே உட்கார்ந்திருந்தது. வித்தியாசத்தை எழுதியது ரத்தமில்லை, பட்டியல்.

இதற்கும் ஒன்றரை நூற்றாண்டு முன்னே போங்கள். துய்ப்ளேக்சின் துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிவைத்தாரே, அதில் 1745-ஆம் வருஷத்தில் ஒரு சங்கதி இருக்கிறது. பாண்டி தேவாலயத்துக்குள்ளே ஒரு சுவர். சுவருக்கு ஒரு பக்கம் பறையர் கிறிஸ்தவர்கள். மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள், சட்டைக்காரர்கள், வெள்ளைக்காரர்கள். சேரிக் கிறிஸ்தவர்கள் கூட்டமாகப் போய்ப் பெரிய சாமியாரிடம் நியாயம் கேட்டார்கள். நாங்களும் விசுவாசிகள்தானே, எங்களுக்கு ஏன் இந்த மறைப்பு என்று. சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். அம்பேத்கருக்கும் முன்னே, அயோத்திதாசருக்கும் முன்னே, பேர் தெரியாத அந்தப் பாண்டிச் சேரிக்காரர்கள் ஒரு சுவரை விழ வைத்திருக்கிறார்கள். இதைப் பாடப்புத்தகத்தில் எங்கே பார்த்தீர்கள்? எனக்கு இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. சட்டைக்காரர் அந்தச் சுவருக்கு எந்தப் பக்கம் இருந்தார் பாருங்கள். அவர் தாய் எந்தப் பக்கத்திலிருந்து வந்தவளாக இருந்தாலும், அவர் நின்றது அந்தப் பக்கம்தான்.

பறங்கி என்றாலே தாழ்ந்தவன் என்று ஒரு காலம் இருந்தது. அதுவும் மறந்துவிட்டது. 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி பாதிரியார், நான் பறங்கி இல்லை என்று பறையடித்துச் சொல்ல வேண்டியிருந்தது. மாடு தின்கிறவன், பறையரோடு சேர்கிறவன் பறங்கி என்று மதுரை மேல்சாதிகள் ஒதுக்கின. அவர் காவி கட்டி, மரக்கறி தின்று, சேரிப் பக்கம் தலை வைக்காமல் இருந்தபிறகுதான் அவர்கள் காது கொடுத்தார்கள். பறங்கியும் நாமும் ஒரே தொட்டியில் போடப்பட்டவர்கள். அவர்கள் அதிலிருந்து ஏறிக்கொண்டார்கள். ஏணி நம் முதுகு.

இனி லூசியானா. பெரியவர் அதை எடுத்ததால் நானும் தேடிப் படித்தேன். அவருக்கு அது சாதகமான உதாரணம் இல்லை.

கேஜன் என்பவர் யார்? கனடாவின் கிழக்குக் கரையில் அக்கேடியா என்ற பகுதியில் குடியேறிய பிரெஞ்சு விவசாயிகள். 1755-இல் பிரிட்டிஷ்காரர்கள் அவர்களை வீடு, கழனியைவிட்டு விரட்டிக் கப்பல் கப்பலாக ஏற்றி அனுப்பினார்கள். அலைந்து திரிந்து 1760-களின் நடுவில் ஒரு பகுதியினர் லூசியானாவின் சதுப்பு நிலங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். 'அக்கேடியன்' என்பது தேய்ந்து 'கேஜன்' ஆயிற்று. கிரெயோல் என்பது 'இங்கேயே பிறந்து வளர்ந்தது' என்ற அர்த்தத்தில் போர்ச்சுக்கீசிய, ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது. காலனியில் பிறந்த வெள்ளையன், கறுப்பன், கலப்பினத்தான், ஏன் அங்கே விளைந்த தக்காளி வரைக்கும் கிரெயோல்தான். ஆக, ஒன்று புறப்பட்ட ஊரைச் சொல்கிற பேர். இன்னொன்று பிறந்த ஊரைச் சொல்கிற பேர். தொடக்கத்தில் வித்தியாசம் இவ்வளவுதான். இதில் ரத்தம் எங்கே வந்தது?

அது பிறகு வந்தது, உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைகள் விடுதலையான பிறகு. எவன் வெள்ளை, எவன் இல்லை என்று கோடு போட வேண்டிய அவசரம் வந்ததும், வெள்ளைக் கிரெயோல்கள் 'கிரெயோல் என்றால் சுத்த வெள்ளையர் மட்டுமே' என்று மேடை போட்டுப் பேசினார்கள். சார்ல்ஸ் கயாரே என்கிற சரித்திரக்காரர் 1885-இல் நியூ ஆர்லியன்சில் இதற்கென்றே சொற்பொழிவு செய்தார். கலப்பினக் கிரெயோல்கள் என்ன செய்தார்கள்? குடிமக்கள் குழு என்று ஒன்று கட்டினார்கள். 1892-இல் ஓமர் பிளெசி என்பவரை வெள்ளையர் ரயில் பெட்டியில் ஏறி உட்கார வைத்தார்கள். எட்டில் ஏழு பங்கு வெள்ளை வமிசம் அவருக்கு. பார்த்தால் தெரியாது. அவரே சொல்லித்தான் கைதானார். 1896-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தனித்தனியாய் வைத்தாலும் சமம்தான் என்று தீர்ப்புச் சொன்னது. 1970-இல்கூட லூசியானா ஒரு சட்டம் போட்டது. முப்பத்திரண்டில் ஒரு பங்குக்கு மேல் கறுப்பு ரத்தம் இருந்தால் கறுப்பு. 1983-இல்தான் அதை எடுத்தார்கள். வாய்பாடு வைத்து ரத்தத்தை வகுத்திருக்கிறார்கள். நம்மூர் மனு இதைக் கேட்டால் சிரிப்பான். அவன் இந்தக் கணக்கை அநுலோமம், பிரதிலோமம் என்று எப்பவோ எழுதி முடித்துவிட்டான்.

இதில் கேஜன்களின் கதையும் ஒன்றும் சுகமில்லை. ஏழைகள். 'கேஜன்' என்பதே வசவு. 1921-இல் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு பேசக் கூடாது என்று மாநில அரசியல் சட்டமே சொன்னது. பேசிய பிள்ளைகள் அடி வாங்கினார்கள். அவர்கள் பட்டதை நாம் கேலி செய்ய மாட்டோம். ஆனால் 1968-க்குப் பிறகு மறுமலர்ச்சி வந்து, கேஜன் என்பது பெருமையாகி, சாப்பாட்டுக்கும் பாட்டுக்கும் விளம்பரப் பேரானபோது என்ன நடந்தது? பக்கத்திலேயே அதே பிரெஞ்சைப் பேசி, அதே வயலில் பாடுபட்ட கறுப்புக் கிரெயோலின் எல்லாமும் கேஜன் கணக்கில் ஏறியது. கம்போ என்கிறார்கள். அந்தச் சொல்லே ஆப்பிரிக்காவில் வெண்டைக்காயின் பேர். அமெதே ஆர்த்வான் என்று ஒரு கறுப்புக் கிரெயோல் அக்கார்டியன் கலைஞர். இன்றைக்குக் 'கேஜன் இசை' என்று விற்கிறதற்கு அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவர். ஒரு வெள்ளைக்காரப் பெண் வியர்வை துடைக்கக் கைக்குட்டை கொடுத்தாள் என்பதற்காக அவரை அடித்து நொறுக்கினார்கள் என்று அங்கே இன்றும் சொல்கிறார்கள். 1942-இல் மனநல மருத்துவமனையில் செத்தார். பாட்டு வேண்டும், பாடியவன் வியர்வையைத் துடைக்கக் கூடாது. பறை அடிக்கத் தெரிந்த ஒருத்தனுக்கும் இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

இந்த இடத்தில் நம்ம பக்கத்து நண்பர்களோடு சண்டை. அவர்கள் நிறையப் படிக்கிறார்கள். "அடையாளமே ஒரு புனைவு தோழர். எல்லாமே கலப்பு. கிரெயோல்தான் எதிர்காலம். சுத்தம் என்பதைக் கட்டுடைக்க வேண்டும்" என்கிறார்கள். சுத்தத்தை உடைப்பதற்கு நானும் கடப்பாரையோடு வருகிறேன். ஆனால் எல்லாம் கலப்பு என்று சொல்லி எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டால், சட்டி யார் பேரில் விற்பனையாகிறது என்று பாருங்கள். பாண்டியில் வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளைநகரத் தெருக்களில் இன்று கிரெயோல் விருந்து, கிரெயோல் வீடு என்று ஓட்டல் பலகைகள். நம் ஆயாக்கள் வெங்காயத்தையும் பூண்டையும் இடித்து உருட்டி வெயிலில் காயவைத்த வடகம், பிரான்சில் 'வாதுவான்' என்று பாட்டிலில் விற்கிறது. கலப்பு நடந்தது உண்மை. கலந்தவர்களில் ஒருத்தருக்குப் பலகை, ஒருத்தருக்குப் பாத்திரம் கழுவுகிற வேலை என்பதும் உண்மை. வித்தியாசத்தை அழிக்கிறவன் எல்லாரும் சமத்துவக்காரன் இல்லை.

இன்னொரு நண்பர் கூட்டம் இதற்கு நேர் எதிர். அவர்களுக்கு ரெனோன்சான் என்றால் துரோகி. "பேரை மாத்திக்கிட்டான், சாதியை மறைச்சான், பென்ஷனுக்காக வெள்ளைக்காரன் காலில் விழுந்தான். இந்தோசீனாவுல இன்னொரு அடிமை ஜனத்தைச் சுட்டான்" என்று. கடைசிக் குற்றச்சாட்டை நான் மறுக்கவில்லை. அதைப் பற்றி நம் எழுத்தில் ஒரு வரியும் இல்லை என்பது வெட்கக்கேடு. ஆனால் பேர் மாற்றத்தைக் குற்றமாகச் சொல்கிறவர்களை எங்க ஊருக்குக் கூப்பிடுகிறேன். கெடிலக் கரையில் வீரட்டானேசுவரர் கோயில். பக்கத்துத் திருவாமூரில் பிறந்த வெள்ளாளப் பிள்ளை மருள்நீக்கியார், சமணத்துக்குப் போய்த் தருமசேனர் ஆனார். வயிற்றுவலி வந்து, திருவதிகையிலிருந்த அக்கா திலகவதியாரிடம் திரும்பி வந்து, நாவுக்கரசர் ஆனார். அப்பர் என்று நாலாவது பேரும் வந்தது. இரண்டு மதம், நாலு பேர். ஒருத்தராவது அவரைத் துரோகி என்றார்களா? எங்க ஊரில் தேர் இழுக்கிறார்கள். அவர் கையில் உழவாரத்தைப் பிடித்தால் தொண்டு, நம்ம ஆள் கையில் பிடித்தால் அரை நாள் கூலி. நம்மவன் ஒரே ஒரு முறை பேர் மாற்றியதற்கு நூற்று நாற்பது வருஷமாக விசாரணை நடக்கிறது.

பேர் மாற்றம் நமக்கு ஆடம்பரம் இல்லை. அயோத்திதாசர் பறையன் என்ற சொல்லையே ஏற்க மறுத்து, நாம் பூர்வ பௌத்தர் என்றார். 1907-இல் தொடங்கிய பத்திரிகைக்குத் தமிழன் என்று பேர் வைத்தார். இரட்டைமலை சீனிவாசன் அதே வசவை எடுத்து 1893-இல் பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பேர் சூட்டினார். 1922-இல் சென்னை அரசு ஆதிதிராவிடர் என்று எழுத ஒப்புக்கொண்டது. ஒருவர் துறந்தார், ஒருவர் தூக்கிப் பிடித்தார், இன்னும் சிலர் அரசிடம் கேட்டு வாங்கினார்கள். இதே ஜனத்தில் ஒரு பகுதி பாண்டி, காரைக்கால் துறைமுகங்களில் கூலிக் கப்பல் ஏறியது. ரியூனியனில் 'மலபார்' ஆனது. 1853-இல் மார்த்தினிக், 1854-இல் குவாதலூப். குவாதலூப்பில் ஒப்பந்தக் கூலிகளின் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு ஆன்றி சிதம்பரம் 1904-இல் தொடங்கிய வழக்கு 1923 வரைக்கும் இழுத்தது. அந்த ரியூனியனில் போய்க் கேட்டுப் பாருங்கள். தீவில் பிறந்த எவனும் கிரெயோல்தான், நம்ம கூலிக்காரன் பேரன் உட்பட. பாண்டியில் 'இவங்க கிரெயோல் இல்லை' என்று சொல்லப்பட்ட அதே சேரி, கடலைத் தாண்டினால் கிரெயோல்.

இலங்கையிலும் இதே நாடகம் நடந்தது. 1908-இல் கொழும்பில் டச்சு பறங்கியர் சங்கம் கட்டி, யார் சுத்த டச்சு வமிசம் என்று வமிசாவளிகளை வரிசையாக அச்சடித்தார்கள். போர்ச்சுக்கீசியப் பறங்கியர், செருப்புத் தைக்கிறவர், தச்சுவேலைக்காரர் எல்லாம் வாசலுக்கு வெளியே.

வமிசாவளி என்றதும் பெரியவரிடம் திரும்புகிறேன். சாப்பாடு முடிந்து, அவர் தன் கைப்பேசியில் குடும்ப மரத்தைக் காட்டினார். பேரன் பாரிசிலிருந்து தேடி எடுத்து அனுப்பியதாம். மேலே ஒரு சிப்பாய். பிரித்தானியில் இன்ன கிராமம், இன்ன ரெஜிமென்ட், இன்ன கப்பல். அதற்குப் பிறகு ஆறு தலைமுறை ஆண்கள், எல்லாருக்கும் பேரும் தேதியும் உத்தியோகமும். முதல் சிப்பாய்க்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. அதில் 'மரி' என்று மட்டும் இருந்தது. ஊர் இல்லை. அப்பன் பேர் இல்லை. பிறந்த தேதி இல்லை.

"மரி எந்த ஊருங்க ஐயா?" என்றேன்.

"தெரியல தம்பி. போர்ச்சுக்கீசிய வழியா இருக்கும்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படித்தான் எங்க பாட்டி சொல்லும்" என்றார்.

இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். உழந்தைச் சேரியிலிருந்து வந்தவளாக இருக்கலாம். மீனவத் தெருவாக இருக்கலாம். விலைக்கு வாங்கப்பட்டவளாகவும் இருக்கலாம். தெரியாது என்பதுதான் பதில். ஆனால் தெரியாத இடத்தில் போர்ச்சுக்கல்லைப் போடத் தோன்றுகிறதே தவிர, நெட்டப்பாக்கத்தைப் போடத் தோன்றவில்லை, பாருங்கள். ரத்தம் என்கிறார்களே, அதுவும் ஒரு பாதிரியார் பேரேட்டில் எழுதிய காகிதம்தான். அந்தக் காகிதத்தில் ஆணுக்கு ஊர் உண்டு, பெண்ணுக்கு இல்லை. நம் அரசியல் சட்டமும் அதே பேரேட்டைத்தான் காப்பியடித்தது. ஆங்கிலோ இந்தியர் யார் என்று 366-ஆம் பிரிவு சொல்கிறது: தகப்பன் வழியில் ஐரோப்பிய வமிசம் இருக்க வேண்டும். தாய் எந்த இனம் என்று கேள்வியே இல்லை. அந்தச் சமூகத்துக்கு நாடாளுமன்றத்தில் இருந்த நியமன இடங்கள் 2020-இல் போய்விட்டன. வரையறை மட்டும் அப்படியே இருக்கிறது. மரியைக் கேட்காத வரையறை.

காகிதத்தால் யாருக்கு என்ன ஆகிறது என்று கடைசியாகச் சொல்கிறேன். இது எங்கள் வீட்டு விஷயம். 1962 ஆகஸ்ட் 16-இல் பாண்டி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்கிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். சுமார் ஐயாயிரம் பேர் கொடுத்தார்கள். ஆயாவின் அண்ணன் குடும்பம் அதில் ஒன்று. ஆயாவின் தங்கச்சி குடும்பம் எழுதவில்லை. படிக்கத் தெரியாது, யாரும் சொல்லவுமில்லை. பிழைப்புக்காகப் பண்ருட்டிப் பக்கம் வந்து முந்திரிக் காட்டில் வேலை செய்துவிட்டு, எழுபதுகளில் மறுபடி பாண்டிப் பகுதிக்கே போய்க் குடியேறியது. 1964-இல் புதுச்சேரிக்கென்று தனியாகப் பட்டியல் சாதி ஆணை வந்தது. அந்தத் தேதியில் அங்கே குடியிருந்தவர்களின் வாரிசு 'பூர்வீகம்'. மற்றவன் 'குடிபெயர்ந்தவன்'. சின்ன ஆயாவின் பேரன் சாதிச் சான்றிதழ் கேட்டு ஓர் ஆபீசுக்கு இரண்டு வருஷம் நடந்தான். 1964-இல் இருந்ததற்கு அத்தாட்சி என்ன என்று கேட்டார்கள். நூறு தலைமுறையாகச் சேற்றில் நின்றதற்கு எவன் ரசீது கொடுத்தான்? குடிபெயர்ந்தவன் என்று எழுதிக் கையில் கொடுத்தார்கள். எட்டு மைல் தள்ளி வேலைக்குப் போய்த் திரும்பி வந்தவன் குடிபெயர்ந்தவன். எட்டாயிரம் மைல் தள்ளியிருந்து வந்த சிப்பாயின் வாரிசு பூர்வீகக் கிரெயோல். நம்மிலேயே சிலர் இப்போது 'நாங்க பூர்வீகம், நீங்க வந்தேறி' என்று சொந்தக்காரனைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். சேரிக்குள்ளே சுவர்.

நெய்வேலிப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இது புதுசில்லை. சுரங்கத்துக்கு நிலம் எடுத்த 1894-ஆம் வருஷச் சட்டத்துக்குப் பட்டா உள்ளவனைத்தான் கண்ணுக்குத் தெரிந்தது. அவன் 'நிலம் கொடுத்தவன்'. அந்த நிலத்தில் தலைமுறையாக உழுதவன் எதையும் கொடுக்காதவன். எதை இழந்தான் என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டமே இருக்கவில்லை.

ஆகவே ஐயா, கிரெயோல் வேறு, ரெனோன்சான் வேறு. ஒத்துக்கொள்கிறேன். தனித்தனியாகவே எழுதுகிறேன். ஆனால் எழுதும்போது மரியின் பெட்டியைக் காலியாக விட மாட்டேன். அது காலியாக இருக்கிறது என்பதையாவது எழுதுவேன்.

படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் பழைய ஞானஸ்நானச் சீட்டு, சொல்தா புத்தகம், கூலிக் கப்பல் ரசீது, துறவுப் பத்திரம், 1962-இல் எழுதிக் கொடுத்ததன் நகல், எது இருந்தாலும் கரையான் தின்பதற்கு முன்னே ஒரு பிரதி எடுத்து வையுங்கள். எங்க ஆயாவின் அண்ணனுடைய பத்திரத்தில், பழைய பேர் என்ற இடத்தில் எங்கள் சேரிப் பேர் தெளிவாக எழுதியிருக்கிறது. அதன் கீழே சாட்சிகளாக இரண்டு கைநாட்டு. அந்த இரண்டு பேர் யார் என்றுதான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.